மூன்றாவது செயலி

பீடோங். மழைக்கு முந்தின வெக்கை.
செம்பனை ஆலை எடைமேடைச் சீருடையோடே
கடைக்குள் வந்தார் கோமளவல்லி.
மகனுக்குப் பதினாலு. ராத்திரியெல்லாம்
போர்வைக்குள் வெளிச்சம்.
"எனக்கு ஒன்னும் தெரியாது தம்பி,
எது சுலபம்?"

முதலாவது மின்னஞ்சல் கேட்கும்,
பிறகு கடவுச்சொல், அதில் ஓர் எண், ஒரு புள்ளி.
பாதிப் பேர் அங்கேயே எழுந்துவிடுவார்கள்.
இரண்டாவது மலாய் பேசும், நல்லது;
ஆனால் பதினொரு தடவை 'அனுமதி' அமுக்கணும்,
மாதம் இருபத்தொன்பது வெள்ளி.
மூன்றாவதற்கு மூன்றே தட்டு.
யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம் என்றேன்.

"முதல்ல என் போன்ல காட்டு."

தேடினேன்.
'நிறுவு' என்றிருக்க வேண்டிய இடத்தில்
'திற' என்றிருந்தது.
திறந்தால் கணிப்பான் முகம்,
ரகசிய எண் கேட்டது.
ஏறிய தேதி: மார்ச் ஏழு.
இது நவம்பர்.

வெளியே கஞ்சில் காரில் ஹாரன்.
"அவருதான். அஞ்சு நிமிஷம் பொறுக்க மாட்டாரு."

தினம் நாற்பது லோரி நிறுப்பவர்
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"மெமரி நிறைஞ்சிருக்கு அக்கா" என்றேன்.
போனை வாங்கிப் பையில் போடாமல்
கையிலேயே வைத்திருந்தார்.

"மூனே தட்டா?"