ராகு காலத்தில் முப்பத்தொன்பதாம் பக்கம்

மெத்தைக் கடைக்கு மேலே எங்கள் ஜிம்.
அயனாவரம் சிக்னலில் நிற்கிற பஸ்கள்
ட்ரெட்மில்லில் ஓடுகிறவர்களைக்
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகும்.
நான் ஓடுவதில்லை.
பதிவேடு எழுதுகிறேன்.

ஜனவரி ஒன்று, காலை ஐந்தரை.
ராத்திரி பைக்கில் கத்திக்கொண்டு போன தொண்டைகள்
கரகரவென்று பெயர் சொல்கின்றன.
தொண்ணூற்று நான்கு பேர்.
பேனா தீர்ந்து
கீழே மெத்தைக் கடையில் கடன் வாங்கினேன்.

எங்கள் படிவத்தில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு.
எடை குறைய, என்பார்கள் முக்கால்வாசிப் பேர்.
ஒருவர் 'சர்க்கரை' என்று மட்டும்.
எல்.ஐ.சி. ஏஜென்ட் தணிகாசலம் எழுதினார்:
'மகள் கல்யாண போட்டோ.'
கல்லூரிப் பையன் ஒருவன் எழுதி அடித்திருந்தான்.
அடித்ததற்கு அடியில்
ஒரு பெண்ணின் பெயர் தெரிந்தது.

என் நோக்கம் மேஜைக்கு அடியில்:
குரூப் டூ வழிகாட்டி, நானூற்று எண்பது பக்கம்,
மூர் மார்க்கெட்டில் பாதி விலை.
இதற்கு முன் வைத்திருந்தவர்
பன்னிரண்டாம் பக்கம் வரை மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்.
அப்புறம் பளிச்சென்று வெள்ளை.
நான் முப்பத்தெட்டு வரை போனேன்.
29C டிக்கெட்டைச் செருகி மூடினேன்.
பொங்கல் முடியட்டும்.

எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.
போகிப் புகையில் பழைய பாயோடு
எது எது எரிந்ததோ,
தை ஐந்தாம் தேதி எண்ணிப் பார்த்தேன்:
இருபத்தாறு பேர்.

ஆனால் இந்த ஊரில்
வருஷம் ஒரே தடவை பிறப்பதில்லை.
நோன்பு முடிந்த வாரம் ஜமீல் பாய் வந்தார்,
பெல்ட்டில் உள்ளே போன இரண்டு ஓட்டையைக் காப்பாற்ற.
யுகாதிக்கு மறுநாள் கிரானைட் கடை ரெட்டியார்.
சித்திரை ஒன்று, பச்சடி வாசனையோடு
நான்கு மைத்துனர்கள் ஒரே ஆட்டோவில்.
தீபாவளிக்குப் புதுக் கணக்கு போடும் சேட்டு
கையோடு தன் உடம்பையும் புதுசாக எழுதிக்கொள்வார்.
அதே பெயர்கள், வேறு வேறு வரியில்.
தணிகாசலம் என் பதிவேட்டில்
மூன்று முறை பிறந்திருக்கிறார்.
நான் கேலி செய்யவில்லை.
என் டிக்கெட் நகரவே இல்லை,
அதில் அச்சு மட்டும் மங்கிக்கொண்டு வந்தது.

பிறகு ஆடி.
யாரும் எதையும் தொடங்காத மாசம்.
வீடு மாற்ற மாட்டார்கள், பெண் பார்க்க மாட்டார்கள்.
கீழே மைக் வைத்து
மெத்தைக்கு இரண்டு தலையணை இலவசம் என்று
ஒரே குரல், காலையிலிருந்து.
செவ்வாய்க்கிழமை, மூன்றரை மணி,
ராகு காலம்.
கரன்ட் போனது, மைக் நின்றது.
போனில் சார்ஜ் இல்லை.

நான் ஒன்றும் தீர்மானிக்கவில்லை.
சும்மா உட்கார முடியாமல்
முப்பத்தொன்பதைத் திருப்பினேன்.
ரயத்துவாரி முறையும் அதன் விளைவுகளும்.
தணிகாசலம் படியேறி வந்தார்.
"கரன்ட் இல்லியாம்மா?"
"சைக்கிளுக்கு வேண்டாம் சார்."
அரை இருட்டில் அவர் மிதித்தார்.
ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு
நான் படித்தேன்.
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை,
பார்த்தால் கெட்டுவிடும் என்பதுபோல.

புதன் இரண்டு பக்கம்.
வெள்ளி ஒன்றுமில்லை.
சனி ஐந்து. ஞாயிறு தலைவலி.
திங்கள், படித்ததையே திரும்பவும்.

ஆவணியில் கல்யாணம் முடிந்து
போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார்.
தொப்பை அப்படியேதான்.
கொஞ்சம் ஒருக்களித்து நின்று சமாளித்திருந்தார்.
மறுநாளும் வந்தார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

இன்று டிசம்பர் முப்பத்தொன்று.
தேர்வுத் தேதியைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.
முதலாளி புதுப் பதிவேடு வாங்கித் தந்தார்,
கூடவே மூன்று பேனா.
நாளைக் காலைக் கூட்டத்துக்குக் கட்டம் போட வேண்டும்:
பெயர், வயது, எடை, நோக்கம்.
ஸ்கேலைக் காணோம்.
டிராயர், அலமாரி, மெத்தைக் கடை வரை போய்த் தேடினேன்.

இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தில் இருந்தது.
நேற்று கோடு போட்ட
வரிக்கு நேராக.