எச்சம்

பெரு நாட்டுக் கரையிலிருந்து மூன்று மணி நேரம்,
மண்ணெண்ணெய் வாடையடிக்கும் படகில்.
தீவில் புல் இல்லை, ஊற்று இல்லை.
காவலுக்கு கசிமிரோ பால்யோன், ஒரு வானொலி,
குடிநீர்ப் பீப்பாய் ஆறு,
நீர்க்காகங்கள் நான்கு லட்சம்.

எண்ணுவதுதான் வேலை.
ஒவ்வொன்றாக இல்லை; பரப்பை அளந்து
சதுர மீட்டருக்கு மூன்று கூடு என்று பெருக்குவான்.
சட்டைக் காலரில் விழுந்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எச்சம் என்று எழுதும்போது என் பேனா கொஞ்சம் தயங்குகிறது.
பறவை போட்டதும் எச்சம்,
செத்தவன் விட்டுப்போனதும் எச்சம்,
தமிழய்யா கரும்பலகையில் எழுதி
"இன்னும் முடியலை, பார்" என்று சாக்பீஸால் தட்டிய
வந்து, தின்று, போய் எல்லாமும் எச்சம்.

கசிமிரோவின் தீவை அந்த இலக்கணத்தில்தான் சொல்ல முடியும்:

தென்காற்று கடலின் மேல்தோலை உரித்து,
உரித்த இடத்தில் அடியிருட்டின் குளிர்நீர் ஏறி,
ஏறிய நீரில் வெயில் பட்டுப் பாசி பெருத்து,
பாசியைத் தின்று நெத்திலி கொழுத்து,
நெத்திலியை விழுங்கி நீர்க்காகம் கரையேறி,
அதே குளிர் மழையை விரட்டிவிட்டதால்
போட்டது போட்டபடி ஆண்டுக்கணக்கில் காய்ந்து இறுகி,
மலையிலிருந்து வந்த கூலியாட்கள் மூக்கில் துணி கட்டிச் சுரண்டி,
ஐம்பது கிலோ மூட்டையாய் முதுகிலேற்றி,
படகேறி, லாரியேறி, கழுதையேறி,
புனோவில், மூச்சு முட்டும் உயரத்தில்,
அவன் தங்கை சத்துர்நீனாவின் அரைக்காணியில்
உருளைக்கிழங்கு ஊதாவாய்ப்
பூக்கிறது.

ஒரு வினைமுற்றுக்கு இத்தனை பேர்.

சத்துர்நீனா கடலைப் பார்த்ததில்லை.
கிழங்கு வேகும்போது மூடியைத் தூக்கி மோந்து
"மீன் வாடை" என்பாள்.
கணவன் நம்பமாட்டான்.

அந்த டிசம்பரில்
முதலில் நின்றது சத்தம்.
தகரக் கூரையில் எப்போதும் ஆடும் ஆணி ஆடவில்லை.
குளிக்க இறங்கியவன் கடல் வெதுவெதுவென்றிருக்கக் கண்டு
சந்தோஷப்பட்டான்.
அதற்காக இன்னும் தன்னை மன்னிக்கவில்லை.

நெத்திலி ஆழத்துக்கும் தெற்குக்கும் போயிற்று.
நீர்க்காகங்கள் கூட்டை விட்டெழுந்து
வட்டமடித்து, பிறகு வட்டமடிக்காமல் போயின.
குஞ்சுகள் ஒன்பது நாள் கத்தின.
அதற்கென்று நோட்டில் கட்டம் இல்லை;
ஓரத்தில் எழுதியிருக்கிறான்.

பிறகு மழை.
தீவு கரைந்து பால்போலக் கடலில் ஒழுகியது.

வானொலி சொன்னது:
வடக்கே செச்சுரா பாலைவனத்தில் ஏரி தேங்கிவிட்டதாம்.
ஆடு மேய்த்தவர்கள் கடன் வாங்கி வலை வாங்குகிறார்களாம்.
மணல் கிடந்த இடத்தில் மடவை துள்ளுகிறதாம்.
அவர்களுக்குத் திருவிழா.
அவர்களிடம் போய்க் கோபித்துக்கொள்ள முடியுமா?

புனோவில் மட்டும் வானம் வாய் திறக்கவில்லை.
தங்கை தொலைபேசியில் கேட்டாள்:
"அங்கே கொட்டுகிறதாமே, கொஞ்சம் இங்கே அனுப்பேன்."
"அனுப்புகிறவர்கள் ஊரில் இல்லை" என்றான்.

நோட்டில் பூஜ்ஜியம். பூஜ்ஜியம்.
வரிசை பிசகாமல் பூஜ்ஜியம்.
சம்பளம் வந்துகொண்டிருந்தது.
யாருமில்லாத தீவுக்குக் காவல் எதற்கென்று
மேலதிகாரிகள் கேட்கவில்லை; அவனும் நினைவூட்டவில்லை.

பதினான்காம் மாதம், ஒரு விடியலில்
ஆணி ஆடிற்று.
ஓடிப்போய்க் கையை நீரில் வைத்தான்.
விரல் கடுத்தது.

மதியம் வரை ஒன்றும் இல்லை.
ரொட்டியைப் பிட்டு வாயருகே கொண்டுபோகும்போது
திறந்திருந்த பக்கத்தில்,
அன்றைய பூஜ்ஜியத்தின் மேலேயே,
வெள்ளையாக,
சொத்தென்று.

துடைக்கவில்லை.
அண்ணாந்து பார்க்கப் பயந்து
கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்து,
பிறகு பார்த்து,