கால் சுற்று

ஒரு நாளைக்கு முன்னூறு தடவை என்றார் செபஸ்தியான்,
தேவகோட்டை வண்டி ஓட்டுகிறவர்.
சரக்கு இறங்கும்வரை ஸ்டீரிங்கில் சாய்ந்து
அரைமணி நேரம் எண்ணி,
மீதியைப் பெருக்கிக்கொண்டார்.

"அம்புட்டு விலை கொடுத்து வாங்கிட்டு
இப்படியா சுண்டித் திறப்பே?
அச்சு தேஞ்சு போயிரும்.
பூட்டு ஒருநாள் பல்லிளிச்சிரும்."

எட்டு மாத ஓவர்டைம் அந்த மடக்குக்கத்தி.
நூறடிச் சாலைப் பார்சல் ஆபீஸில்
என்னுடையது என்று இருக்கிற நல்ல பொருள்
அது ஒன்றுதான்.
மற்றதெல்லாம் தவணை.

நான் சொன்னேன்:
உதறுவது வேறு, சுண்டுவது வேறு.
மணிக்கட்டை வீசி உதறினால்
அலகின் வேகம் மொத்தமும் போய்
நெல்மணி தடிமன் தடுப்பாணியில் மோதும்.
கட்டைவிரலால் சுண்டுவது
புளியங்கொட்டை சுண்டுகிற அளவுதான்.
நல்ல கத்தியை அதற்கென்றே செய்கிறார்கள்.

"எல்லாரும் கெட்டுப்போகும்னுதான் சொல்றாக."
யார் எல்லாரும் என்று கேட்பதற்குள்
வண்டியை எடுத்துவிட்டார்.

மூன்று வாரம் நடந்தது வாக்குவாதம்,
அதுவும் தவணை முறையில்,
காலை ஆறேகாலுக்கும் இரவு ஒன்பதுக்கும்.
இடையில்
சிங்கப்பூர் போகிற மணகோலம், சீப்புச்சீடை டின்கள்,
பள்ளத்தூருக்கு வந்த வாஷ்பேசின்,
கோட்டையூரில் வீடு பூட்டியிருந்ததால்
இரண்டாம் முறையும் திரும்பிவந்த குக்கர்.
முகவரி மாறியவை, நனைந்தவை,
பிரித்து மறுபடி ஒட்ட வேண்டியவை.
டக்.
டக்.

ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்த்தேன்.
பழைய செய்தித்தாள் விரித்து, திருகுகளை
டம்ளர் மூடியில் போட்டு.
வெண்கல வளையங்கள் தேயவில்லை,
மெருகேறியிருந்தன.
தடுப்பாணியில் ஒரு தழும்பு,
எறும்பு கால் வைத்த அளவு.
பூட்டு கெட்டி.
அச்சுத் திருகு மட்டும் கால் சுற்று தளர்ந்திருந்தது.
ஆனால் உள்ளே எவ்வளவு இருந்தது!
அட்டைப்பெட்டிப் பஞ்சு, டேப்பின் பசை,
செம்மண்,
எந்த டின்னிலிருந்தோ கசிந்த நெய்.
சுண்டியது கெடுக்கவில்லை.
துடைக்காதது கெடுக்கப் பார்த்தது.
இறுக்கினேன். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

திங்கள் காலை செபஸ்தியானிடம் காட்டி
ஜெயித்தேன்.
ஜெயித்த கையோடு
ஐந்தாறு முறை சுண்டவும் செய்தேன்.
இறுக்கம் விரலைக் கடித்தது,
அதனால் இன்னும் பலமாக.

அப்போதுதான் பார்த்தேன்
அவருக்குப் பின்னால்
மூட்டையோடு நின்ற தவசியை.
கல்லல் பக்கத்துப் பையன்,
சேர்ந்து மூன்று வாரம்.
ஒவ்வொரு டக்குக்கும்
அவனுடைய இடது தோள் காதுவரை ஏறி இறங்கியது.
முகத்தில் ஒன்றுமில்லை.
தோளுக்கு மட்டும் ஏதோ தெரிந்திருந்தது.

மூன்று வாரம்.
செபஸ்தியான் கணக்குப்படி
நாளைக்கு முன்னூறு.

நான் எதுவும் கேட்கவில்லை.
அவன் காலருக்குக் கீழே
ஏதாவது இருக்கிறதா என்று
பார்க்காமலிருக்கப் பழகினேன்.
மறுநாளிலிருந்து இரண்டு கையாலும் திறக்கிறேன்,
நகத்தைக் கொடுத்து,
சூடு ஆறாத டிபன் டப்பாவைத் திறப்பதுபோல.
பெட்டிக்கு நான்கு விநாடி கூடுதல்.
மேனேஜர் முத்துக்கருப்பன் கேட்டார்:
"என்ன, கத்தி கெட்டுப்போச்சா?"
ஆமாம் என்றேன்.
வாசலில் செபஸ்தியான்
ஹாரனை இரண்டு தரம் அடித்துக் கொண்டாடினார்.

போன வெள்ளிக்கிழமை
பிளேடு உடைந்து, கயிறு அறுக்க வழியில்லாமல்
தவசி கை நீட்டினான்.
"அக்கா, அதக் குடுங்க."
மடக்கித்தான் கொடுத்தேன்.
உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான்.
கட்டைவிரலால் சுண்டினான்.
பாதிதான் வந்தது.
நான் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கியிருக்கிறேன்.
மீதியை விரலால் தள்ளித் திறந்து
கயிற்றை அறுத்து
திருப்பிக் கொடுத்தான்,
அலகு அவன் பக்கம்,
கைப்பிடி என் பக்கம்.

திருப்புளி மேசை டிராயரில் கிடக்கிறது.
கால் சுற்றா, அரைக்காலா,
எவ்வளவு தளர்த்துவது என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.