பிடிமானம்

அந்த எஸ்டீமுக்கு முகம் இருந்தது.
முதுகுதான் இல்லை.
வில்லியனூர் ரோட்டுப் பழைய இரும்புக் கடையில்
டிக்கி பின்சீட்டுக்குள் ஏறிப்போய்க் கிடந்தது.
முன்சக்கரம் இரண்டும் நேற்றுக் கழுவியதுபோல.

கேலிப்பர், டிஸ்க், நக்கிள் எல்லாம்
சாக்கில் சுற்றித் தந்தார் காதர் மொகிதீன்.
என் ஜென்னுக்கு மாட்ட
அரியாங்குப்பத்தில் அருளப்பன்
ஒரு ஞாயிறு முழுக்க மல்லுக்கட்டினார்.
போல்ட் உட்கார்ந்தது.
ரிம் உரசியது.
பன்னிரண்டு அங்குலம் போதாதாம்,
பதின்மூன்று வேணுமாம்.
மறுபடி வில்லியனூர். மறுபடி அதே வண்டி.
இந்த முறை கால்களையும் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

"மிதிங்க... பிடிங்க... விடுங்க..."
குழாயில் குமிழ் வருவது நிற்கும்வரை மிதித்தேன்.
மிதி கல்லானது.
"நல்ல பிரேக்குங்க" என்று கைதுடைத்தார்.
நல்ல பிரேக்தான்.
அப்புறம் அந்த வண்டி ஏன் அங்கே கிடந்தது என்று
அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ரெட்டிச்சாவடி தாண்டி
மீன்கூடை கட்டிய எக்செல் ஒன்று
கைகாட்டாமல் திரும்ப,
மிதித்தேன்.
முன்பெல்லாம் நாலு முழம் ஓடி
யோசித்து நிற்கிற வண்டி
ஆணி அடித்தாற்போல் நின்றது.
கூடையிலிருந்து ஒரே ஒரு வாளை
தாரில் வழுக்கிப் போனது.

எக்செல்காரர் திட்டுவது கேட்டது.
நான் அவரைப் பார்க்கவில்லை.

கண்ணாடியில்
கடலூர் பஸ் வளர்ந்துகொண்டிருந்தது
எலுமிச்சம்பழம் ஆட,
முகப்புச் சந்தனம் தெரிய,
டிரைவரின் திறந்த வாய் தெரிய.

அவர் கால்
எந்த மிதியில் இருக்கிறதென்று
இங்கிருந்து தெரியாது.