புள்ளி நான்கு ஒன்று

செம்பைக் கரைசல் தின்று முடித்தபின்
நீரில் மிதக்கிறது கிராஃபீன்;
மிதப்பதாக நம்புகிறோம்.
ஓரணு தடிமன்.
பாலாடைக்கு இதைவிட உடம்பு உண்டு.

கண்ணாடித் துண்டைச் சாய்த்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு அள்ளுகிறாள் தில்ஷாத்.
நேற்று மூன்று கிழிந்தன,
முந்தாநாள் ஒன்று, என் தும்மலில்.
இது ஏறிக்கொண்டது.

இருட்டறையில் ஆறு லட்ச ரூபாய்ச் சூரியன்.
அதன் கீழே செல்லை வைத்து
முனைகளைப் பொருத்தும்போது
கரண்ட் போனது.
ஜெனரேட்டர்காரர் சாப்பிடப் போயிருந்தார்.
காட்பாடியில், மே மாதத்தில்,
வெளிச்சம் இல்லையென்று இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம்தான் உறைத்தது.

மாடிக்கு ஓடினோம், வெறுங்காலோடு.
தண்ணீரில்லாத பாலாற்றின் பக்கமிருந்து
வெள்ளை வெள்ளையாய் வெயில்.
கை மீட்டரில் பூஜ்யம்.
பூஜ்யம்.
பிறகு புள்ளி நான்கு ஒன்று.

அவள் கத்தவில்லை.
தளம் சுட, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி
"எழுதுடி" என்றாள்.

பேனா கீழே.
பையில் கிடந்த பென்சிலால்
பிரியாணி பில்லின் முதுகில் எழுதினேன்.
எட்டு மாதமாய் நாங்கள்
ஒற்றை ஏடாகத் தேடிய அதே கரி
அந்த நான்கில், அந்த ஒன்றில்,
அடுக்கடுக்காய்,
கேட்காமலே.