அம்பத்தெட்டு கிலோ

திருத்துறைப்பூண்டியில் எங்கள் வீட்டுப் படி
ஒன்பது ஏறி, திரும்பி, இன்னும் ஐந்து ஏறும்.
அடியில் ஒரு முக்கோணம்.
ஆள் நிற்கும் உயரத்தில் தொடங்கி
எலி குனியும் உயரத்தில் முடியும்.

ரேஷன் கடையில் பதினெட்டு வருடமாய்
மூட்டை அடுக்குகிறவள் நான்.
பத்துக்குப் பன்னிரண்டு அறையில்
நூற்றைம்பது மூட்டையை நிறுத்தி
நடுவில் நடக்க வழியும் விடுவேன்.
இந்த முக்கோணம் மட்டும் எனக்கு அடங்கவில்லை.

கைத்தெளிப்பான், கிழிந்த தார்ப்பாய்,
பெட்டி பிரிக்காத கல்யாணக் குக்கர் மூன்று,
இன்வெர்ட்டர்,
அதன் மேல், யாருடையதென்று
யாரும் ஒப்புக்கொள்ளாத ஒற்றை ஷூ,
கொழுந்தனார் தேர்தலுக்கு வாங்கி மிஞ்சிய கொடித்துணி.
ஒன்றை இழுத்தால்
ஊரே கூட வரும்.

சகாயராஜ் வந்தான், பி.வி.சி. பலகைக்காரன்.
கையில் சிவப்புப் புள்ளி அடிக்கும் கருவி.
இடப்பக்கம் தொண்ணூற்றாறு, வலப்பக்கம் தொண்ணூற்றொன்று.
மறுபடி அடித்தான்.
அதே.
'சுவர் நேரில்லக்கா.'

களிமண் அல்லவா.
கோடையில் வாய் பிளக்கும்,
ஆற்றில் தண்ணீர் விட்டால் உப்பி மூடும்.
அதன் மேல் உட்கார்ந்த வீடும்
வருடத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்கும்.
பின்கதவு மழை தொடங்கினால்
தை பிறக்கும்வரை சாத்தாது.
கடையில் விற்கும் பீரோவெல்லாம்
நேரான ஊர்களுக்குச் செய்தவை.

டி.வி. வந்த அட்டைப்பெட்டியை வெட்டிச்
சுவரோடு அணைத்துப் பிடித்தான்.
ஒரு வாஷரின் ஓட்டையில் பென்சிலை நுழைத்து
மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டு வந்தான்.
சுவரின் கோணல் அத்தனையும்
அட்டையில் இறங்கியது,
புகார் எழுதும் ஏட்டு மாதிரி
ஒன்று விடாமல்.

'தரையிலேர்ந்து ஒரு சாண் தூக்கிடு' என்றேன்.
'எதுக்கு?'
மூன்று தடவை பெயின்ட் அடித்தும் தெரிகிற
ஐப்பசித் தண்ணீரின் கோட்டைக் காட்டினேன்.
அரிசிக்கு அடிக்கட்டை போடாவிட்டால்
கடையில் எனக்கு மெமோ வரும்.
வீட்டில் மெமோ கொடுக்க ஆளில்லை,
நனைந்துவிடும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் குணசீலன் பென்சிலை வாங்கி
அட்டையிலேயே பங்கு பிரித்தார்.
இது குக்கருக்கு, இது செருப்புக்கு, இது தார்ப்பாய்க்கு.
எல்லாவற்றுக்கும் இடம் வந்துவிட்டது.

அவருக்குத் தெரியாது.
ஆறு பேர் புழங்கும் வீட்டில்
உள்ளே தாழ்ப்பாள் இருப்பது கழிவறைக்கு மட்டும்.
அங்கேயும் யாராவது தட்டுவார்கள்.
இருப்பில் நாற்பது கிலோ குறைந்ததாக மெஷின் சொல்லி
என் சம்பளத்தில் பிடித்த இரவு,
தார்ப்பாய் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு
இன்வெர்ட்டரின் பச்சை விளக்கைப் பார்த்தபடி
ஒன்பதாம் படிக்குக் கீழே இருந்தேன்.
தலைக்கு மேல் யாரோ ஏறினார்கள், இறங்கினார்கள்.
யாரும் தேடவில்லை.
நன்றாக இருந்தது.
அப்புறமும் போனேன். எத்தனை தடவை என்று
ஏட்டில் ஏற்றவில்லை.

அவர் பஜாருக்குப் போன நேரம் பார்த்து
சகாயராஜிடம் நடுக் கதவைக் காட்டினேன்.
'இதுல எத்தனை தட்டுக்கா?'
'தட்டு வேண்டாம். அடிப்பலகை மட்டும் கெட்டியா இருக்கணும்.'
'எவ்வளவு வெயிட் தாங்கணும்?'
'அம்பத்தெட்டு கிலோ.'
'அரிசியா?'
'அரிசிதான்.'

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான்.
பலகைக்கு அடியில் இரண்டு இரும்புக் குழாய் கொடுத்து
தன் முழங்காலை ஊன்றி அழுத்திப் பார்த்தான்.

மூன்றாம் நாள் வேலை முடிந்தது.
குக்கர்கள் வரிசையாய் நின்றன.
ஒற்றை ஷூவுக்கும் ஒரு தட்டு,
யாராவது வந்து கேட்கட்டும் என்று.
நடுக் கதவைப் பார்த்த குணசீலன்,
'இவ்வளவு இடம் காலியா கெடக்கே' என்றார்.
'ஐப்பசிக்கு' என்றேன்.
தலையாட்டிவிட்டுப் போனார்.

எல்லோரும் தூங்கியபின் திறந்து பார்த்தேன்.
கதவின் உள்பக்கமும் ஒரு கைப்பிடி,
சின்னதாய், அலுமினியத்தில்.
நான் கேட்டதில்லை.
பில்லிலும் இல்லை.

மழைக்காலத்தில் அந்தக் கதவு கொஞ்சம் பிடிக்குமாம்.
ஓரத்தில் மெழுகு தடவச் சொல்லியிருக்கிறான்.