தற்போதைய பாவனை: இல்லை

படிவத்தின் ஏழாவது கட்டத்தில்
‘தற்போதைய பாவனை: இல்லை’ என்று
எழுதியவள் நான்.
மாநகரசபைப் பேனை, நீல மை.
அன்றைக்கு மழை.
ஓட்டோக்காரன் நின்ற நேரத்துக்குக் காசு கேட்டுக்கொண்டிருந்தான்.
நான் உள்ளே போகவில்லை.

கிராண்ட்பாஸில், ஆற்றுப் பக்கம் சரியும் ஒழுங்கையின் முடிவில்
கோப்பிக்காகக் கட்டிய கிட்டங்கி.
கோப்பி நோய்ப்பட்டுச் செத்தபின் தேயிலை,
தேயிலை வேறு வாசலால் போனபின் கூப்பன் அரிசி,
அரிசிக்குப் பின் வழக்கு.
வழக்கு நடந்த முப்பத்தொரு வருஷமும்
கூரையில் ஆலங்கன்று
தீர்ப்புக்குக் காத்திராமல் வளர்ந்தது.

பிறகு காசு வந்தது.
எந்த நாட்டுக் காசென்று பெரிய பலகையில் போட்டார்கள்.
நடுவில் வாசிகசாலை, பக்கத்தில் பிள்ளை பராமரிப்பு,
பின்னறையில் தையல் மெஷின் பன்னிரண்டு.
கட்டடக் கலைஞர் கீறிய படத்தில்
எல்லோரும் மெலிந்தவர்கள்,
எல்லாப் பிள்ளைகள் கையிலும் பலூன்.

முதல்நாள் கதவைத் தள்ளப் போனோம்.
தள்ளத் தேவையே இருக்கவில்லை.
உள்ளே, தூணுக்குத் தூண் கட்டிய நைலோன் கயிற்றில்
நாற்பது பள்ளிக்கூடச் சட்டைகள்
வெள்ளையாய்க் காய்ந்துகொண்டிருந்தன.
எங்கட தோட்டத்துல வெயில் விழ இடமில்ல,
இங்க ஓடு போன ஓட்டையால விழும்,
வெயில் நகர நகரக் கயிறும் நகரும் என்றாள் பரீனா,
நான்தான் வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் மாதிரி.
மூலையில் லின்டனின் கொத்துரொட்டி வண்டி,
படங்கு மூடி, பகல் நித்திரையில்.
சுவரில் யாரோ சோக்கால் போட்ட இருபடிச் சமன்பாடு.
விடை பிழை.

ஏழாவது கட்டத்தை நான் திருத்தவில்லை.
திருத்தினால் கோப்பு
மறுபடி முதல் மேசையிலிருந்து ஏறவேண்டும்.

பதினான்கு மாதம்.
இடையில் யாரோ பூசிவிட்டுப் போன சீமெந்தைக் கொத்தி எடுத்தோம்.
இந்தக் கல்லுக்கு அது ஆகாது,
உள்ளே ஈரம் பிடித்துக்கொள்ளும் என்று
விமலசேன பாஸ் சுண்ணாம்புக் குழியை
மூன்று கிழமை ஒருவரையும் தொடவிடவில்லை.
ஆலம்வேரை இழுத்தபோது
பாதிச் சுவர் அதனோடு கூடவே வந்தது.
எது எதைப் பிடித்துக்கொண்டிருந்ததென்று
அதற்குப் பிறகுதான் தெரிந்தது.
தூணில் கறல் சுரண்டச் சுரண்ட
கிளாஸ்கோ என்று எழும்பியது.
வெள்ளையடித்ததில் சமன்பாடு போய்விட்டது,
ஒருவரும் கேட்கவில்லை.
அவ்வளவு காலமும் சட்டைகள்
எங்கள் தகரவேலியிலேயே காய்ந்தன.

ஐப்பசியில் கடைசி ஓடு.
அன்றிரவே கொட்டிய மழையில் ஒரு துளி ஒழுகவில்லை.
காலையில் பொறியியலாளர் கைதட்டினார், நாங்களும்.
பரீனா மட்டும் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.
‘இனி வெயில் எங்கால வாறது?’

மதிப்பீட்டில் இல்லாத கண்ணாடி ஓடு பதினெட்டு.
‘வாசிகசாலை வெளிச்சத்துக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
எனது இரண்டாவது பொய்.
முதலாவதைவிட வடிவான எழுத்தில்.

நாளை திறப்புவிழா.
நாடா வந்துவிட்டது, கத்தரிக்கோல் வந்துவிட்டது,
முப்பத்தொரு வருஷமாய் இல்லாத பூட்டும்
மூன்று சாவியோடு வந்துவிட்டது.
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை.
நடுச்சாமத்தில் திரும்பும் வண்டிக்கு
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.
அது மதிலோரம் நிற்கிறது.
லின்டன் என்னைக் கண்டால்
வேறு எங்கோ பார்க்கிறான்.

ஆள் இல்லாத மண்டபத்தில்
கதிரைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
கண்ணாடி ஓட்டால் விழுந்த வெயில்
வாசிப்பு மேசையில் ஏறி, இறங்கி,
மேற்குச் சுவரை நோக்கி மெதுவாக நகர்கிறது.
அது போகிற வழியில்,
காயாத வெள்ளையில்,
யாரோ ஏற்கெனவே
இரண்டு ஆணி அடித்திருக்கிறார்கள்.